உலகச் சாம்பியன்கள் எழுதிய செஸ் புத்தகங்களை இன்றும் படிக்க வேண்டுமா?

ஜூன் 8, 2025, காலை — கேள்வி (நீடாமங்கலம் அருகிலிருந்து ஒரு தாய்)

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மாவட்ட அளவிலான போட்டிகளில் ஆடி வருகிறாள். கைபேசியில் தினமும் புதிர்களைப் போட்டால் போதும் என்றும், பழைய சாம்பியன்களின் புத்தகங்களில் உள்ள ஆய்வுகளில் பாதியைக் கணினி தவறென்று காட்டிவிட்டது என்றும் பலர் சொல்கிறார்கள். அவளோ கபாபிளாங்கா எழுதிய புத்தகம் ஒன்றை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குச் செஸ் ஆடத் தெரியாது. உலகச் சாம்பியன் எழுதினார் என்பதற்காகவே ஒரு புத்தகத்தை வாங்குவது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

வாங்கித் தாருங்கள், அம்மா. பிள்ளை தானாகக் கேட்கும் புத்தகத்துக்கு வேறு பரிந்துரை தேவையில்லை. காரணங்களை நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 9

நான் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். பெரிய ஆட்டக்காரன் அல்லன்; ஆனால் உலகச் சாம்பியன்கள் எழுதிய புத்தகங்களை வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கியூபாக்காரரான கபாபிளாங்காவின் ‘செஸ் ஃபண்டமெண்டல்ஸ்’ 1921இல் வெளிவந்தது. ஹவானாவில் லாஸ்கரை வென்று அவர் உலகச் சாம்பியன் ஆனதும் அதே ஆண்டில்தான். அந்தப் புத்தகம் தொடக்க ஆட்டத்தில் தொடங்குவதில்லை. பலகையில் ராஜாவும் ஒரு யானையும் (ரூக்) மட்டும் இருக்கும்போது எதிர் ராஜாவை எப்படி ஓரத்துக்குத் தள்ளி, தப்ப வழியில்லாமல் மடக்கி மேட் செய்வது என்பதில் தொடங்குகிறது. பிறகு இரண்டு பிஷப்புகள் (மந்திரிகள்), பிறகு ராணி, பிறகு ஒரே ஒரு சிப்பாயை எட்டாம் வரிசைக்குக் கொண்டு சேர்த்து ராணியாக்குவது. ஐம்பது தொடக்க ஆட்டங்களின் பெயர்களை ஒப்பித்துவிட்டு, கடைசியில் ஒரு சிப்பாய் அதிகமாக இருந்தும் ஜெயிக்கத் தெரியாமல் டிராவுக்குச் சம்மதிக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த வரிசையைவிட நல்ல மருந்து கிடையாது.

1934இல் எழுதிய முன்னுரையில் கபாபிளாங்கா ஒரு துணிவான வாக்கைச் சொல்கிறார்: ஆட்டத்தின் விதிகள் மாறாதவரை, நூறு ஆண்டுகள் கழிந்தாலும் இந்தப் புத்தகத்தில் மாற்ற வேண்டியது எதுவும் இராது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். புத்தகம் வந்து நூறாண்டு கடந்துவிட்டது. யானை மேட்டும் சிப்பாய் முடிவுகளும் (சிப்பாய்களே எஞ்சும் கடைசிக் கட்டம்) அவர் சொன்னபடியேதான் இருக்கின்றன.

கணினியைப் பற்றி. கணினி சரியான நகர்த்தலைச் சொல்கிறது. அதில் எனக்கு ஐயம் இல்லை. திருவையாற்றில் கச்சேரிக்கு உட்காரும் வித்வானுக்குச் சுருதிப்பெட்டி எவ்வளவு தேவையோ, அவ்வளவு செஸ் ஆடுகிறவருக்குக் கணினி தேவை. விலகினால் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தச் சங்கதியை வித்வான் ஏன் அங்கே வைத்தார் என்பதைச் சுருதிப்பெட்டியிடம் கேட்க முடியாது; அவரிடம்தான் கேட்க வேண்டும். சாம்பியன் எழுதிய புத்தகத்தில் அந்த ‘ஏன்’ இருக்கிறது. இந்த நகர்த்தலை நான் விரும்பினேன், அதைப் பார்த்துப் பயந்தேன், இந்த இடத்தில் எதிராளி களைத்துவிட்டார் என்று நினைத்தேன் என்ற வரிகளை எந்தக் கணினியும் எழுதாது. பிள்ளை பலகை முன் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு உதவப்போவது அந்த வகைச் சிந்தனைதான்.

ஜூன் 11

குறியீடு, அதாவது நகர்த்தல்களை எழுதும் முறை பற்றி ஒரு வாசகர் தனியாகக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பழைய ஆங்கிலப் பதிப்புகளைத் திறந்ததும் பிள்ளைகள் மிரண்டுபோய் மூடிவிடுகிறார்கள். இ4 என்று இருக்க வேண்டிய இடத்தில் பி-கே4 என்று அச்சிட்டிருக்கும். அந்த முறையில் ‘பி’ என்றால் சிப்பாய், ‘கே’ என்றால் ராஜா. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தொடக்கத்தில் அங்கே நிற்கும் காயின் பெயர். கட்டங்களை அவரவர் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஆகவே வெள்ளையின் கே4 என்பது இன்றைய இ4. கறுப்பின் கே4 என்பது இ5. குதிரையின் ஆங்கிலப் பெயரும் ராஜாவின் ஆங்கிலப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், பழைய அச்சில் குதிரைக்கு ‘கேடி’ என்று இரண்டு எழுத்துகள் போட்டிருப்பார்கள். தெரிய வேண்டியது இவ்வளவுதான். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து இரண்டு ஆட்டங்களைப் பழைய குறியீட்டிலிருந்து புதியதற்கு நோட்டில் மாற்றி எழுதச் சொன்னால் அடுத்த நாளிலிருந்து தடுமாற்றம் இருக்காது. எங்கள் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பையன்கள்கூட இதைச் செய்கிறார்கள்.

அதற்குப் பொறுமை இல்லையென்றால் புதிய குறியீட்டில் வந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ‘ஃபண்டமெண்டல்ஸ்’ அப்படியும் கிடைக்கிறது. வாங்கும் முன் உள்ளே ஒரு பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அட்டையில் இந்த விவரம் இருக்காது.

ஜூன் 14

எப்படிப் படிப்பது என்பதுதான் முதன்மையான கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

கதைப் புத்தகம்போல் வரி வரியாக ஓட்டினால் ஒன்றும் தங்காது. பலகையை எதிரே வைத்துக் காய்களை அடுக்க வேண்டும். சாம்பியன் எந்தப் பக்கம் ஆடினாரோ அந்தப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு தாளால் அச்சிட்ட நகர்த்தல்களை மூடிக்கொண்டு, ஏழாவது எட்டாவது நகர்த்தலுக்குப் பிறகு ஒவ்வொன்றையும் முதலில் தானே ஊகித்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் தாளை ஒரு வரி கீழே இறக்க வேண்டும். ஊகம் பொருந்தினால் அடுத்ததற்குப் போகலாம். பொருந்தாவிட்டால், தன் நகர்த்தலில் என்ன குறை என்பதைக் குறைந்தது இரண்டு வாக்கியங்களில் எழுதிப் பார்க்க வேண்டும். கணினியை அன்று தொடவே கூடாது, மறுநாள் தொடலாம்.

இப்படிப் படித்தால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு மாலை போய்விடும். அது குறையே இல்லை. கைபேசியில் ஒரு நாளில் முப்பது புதிர்களைப் போடும் பிள்ளைக்கு, ‘இங்கே வெல்லும் நகர்த்தல் உண்டு’ என்ற செய்தி முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. உண்மையான ஆட்டத்தில் அந்தச் செய்தியை யாரும் தரமாட்டார்கள். சாம்பியனின் ஆட்டத்தில் பதினைந்து நகர்த்தல்கள் எதுவுமே நடக்காததுபோல் போகும். அந்தப் பதினைந்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கண்டுபிடிப்பதுதான் படிப்பு.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் தடையாகுமோ என்ற கவலையும் வேண்டாம். கபாபிளாங்கா ஸ்பானிய மொழிக்காரர். அவருடைய ஆங்கில வாக்கியங்கள் குறுகியவை, நேரானவை. ஆச்சரியக்குறி போட்டால் நல்ல நகர்த்தல், கேள்விக்குறி போட்டால் கெட்ட நகர்த்தல். மீதியைக் காய்கள் சொல்லிவிடும்.

ஜூன் 15

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. நோட்டில் எழுதும் காரணங்களைத் தமிழில் எழுதட்டும். நினைப்பது தமிழில் என்றால் எழுதுவதும் தமிழில் இருப்பதுதான் தெளிவைத் தரும்.

ஜூன் 22

‘பாதி தவறு’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பிழைகள் உண்டு என்பதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் அந்தப் பிழைகள்தான் செஸ் எழுத்தின் மிக உயர்ந்த உரையாடல்களைப் பிறப்பித்திருக்கின்றன.

1962இல் வார்னாவில் நடந்த ஒலிம்பியாடில் அன்றைய உலகச் சாம்பியன் பாட்வின்னிக்கும் பத்தொன்பது வயது அமெரிக்கர் பாபி ஃபிஷரும் மோதினார்கள். வீட்டில் தயாரித்து வந்த வழியில் பாட்வின்னிக் கவனிக்காமல் விட்டிருந்த ஓர் அடியைப் பலகையிலேயே ஃபிஷர் கண்டுபிடித்தார். யானைகளும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சிய முடிவில் ஃபிஷருக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, இரவு முழுவதும் சோவியத் அணி ஆராய்ந்தது, மறுநாள் பாட்வின்னிக் டிரா செய்துவிட்டார். 1969இல் வந்த ‘மை சிக்ஸ்டி மெமரபிள் கேம்ஸ்’ புத்தகத்தில் அந்த முடிவைத் தான் எப்படி வென்றிருக்கலாம் என்று ஃபிஷர் எழுதினார். பாட்வின்னிக் அதை ஏற்கவில்லை. அது டிராதான் என்று தன் ஆய்வை முன்வைத்தார். அவர் நடத்திய பள்ளியில் மாணவர்களுக்கு இதே நிலையை வீட்டுப்பாடமாகவும் கொடுத்தார். அந்த மாணவர்களில் ஒரு பதிமூன்று வயதுப் பையன் அதில் புதிய வழி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். அந்தப் பையன் காரி காஸ்பரோவ்.

மூன்று உலகச் சாம்பியன்கள், ஒரே ஒரு யானை முடிவு, பல ஆண்டு வாதம். இதில் யார் சொன்னது சரி என்பதைக் கணினி இன்று நொடியில் சொல்லிவிடலாம். ஆனால் ஃபிஷர் தன் கருத்தைப் புத்தகமாக அச்சிட்டிராவிட்டால் அந்தப் பையனுக்கு வீட்டுப்பாடமே இருந்திருக்காது. ஆகவே பிழை இருக்கிறது என்று ஒரு புத்தகத்தை ஒதுக்குவதைவிட, ‘இதில் பிழை ஒன்று உண்டு, கண்டுபிடி’ என்று பிள்ளையிடம் கொடுப்பதே மேல்.

பாட்வின்னிக்கின் கொள்கையும் இதுதான். ஆட்டக்காரர் தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து வெளியிட வேண்டும். அச்சில் வந்தால்தான் மற்றவர்கள் குறை காண்பார்கள். குறை கண்டால்தான் தன் ஆய்வு எவ்வளவு தாங்கும் என்று தெரியும் என்று அவர் வலியுறுத்தினார். எங்கள் வகுப்பில் இதைப் பின்பற்றுகிறோம். ஒவ்வொரு பிள்ளையும் தான் ஆடிய ஆட்டம் ஒன்றுக்குக் குறிப்பு எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மற்றவர்கள் பென்சிலால் மறுப்பு எழுதலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள்கூட அந்தச் சுவரில் துணிந்து எழுதுகிறார்கள்.

காஸ்பரோவே பின்னாளில் எழுதிய ‘மை கிரேட் ப்ரிடெசஸர்ஸ்’ ஐந்து தொகுதிகளிலும் (2003 முதல் 2006 வரை) பிழைகளை வாசகர்கள் கணினி கொண்டு எடுத்துக் காட்டினார்கள். பழைய சாம்பியன்கள் அத்தனை பேரின் ஆட்டங்களையும் ஒரு சாம்பியன் மதிப்பிடும் அந்த வரிசையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் அது எட்டாம் வகுப்புக்கு உரியது அல்ல, விலையும் அதிகம். பத்தாண்டு கழித்து அவளே வாங்கிக்கொள்ளட்டும்.

ஜூன் 29

மயிலாடுதுறை வாசகர் ஒருவர் உரிமையோடு கேட்கிறார்: ‘எங்கள் ஊரில் பிறந்த ஆனந்த் எழுதிய புத்தகங்கள் இருக்க, கியூபாக்காரரையும் அமெரிக்கரையும் முதலில் சொல்வது என்ன நியாயம்?’

விஸ்வநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்தவர் என்பதில் இந்த ஆற்றங்கரை முழுவதற்கும் பெருமை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அவர் பெயரில் உள்ள இரண்டு முக்கியமான புத்தகங்களும் இரண்டு வேறு வகையைச் சேர்ந்தவை. ‘மை பெஸ்ட் கேம்ஸ் ஆஃப் செஸ்’ ஜான் நன்னுடன் சேர்ந்து 1998இல் வெளியிட்டது. பிறகு 2001இல் விரிவாக்கிய பதிப்பு வந்தது. அதில் ஆட்டங்கள் ஆழமானவை, மாற்று நகர்த்தல்களை ஆராயும் கிளைகள் அடர்த்தியானவை. முடிவு ஆட்டங்களில் கை தேறாத பிள்ளை அதில் திணறும். 2019இல் வந்த ‘மைண்ட் மாஸ்டர்’ சூசன் நைனனுடன் எழுதிய வாழ்க்கை நூல். அதற்குப் பலகை வேண்டாம். அம்மா செஸ் ஆடத் தெரியாதவர் என்று எழுதியிருந்தார்; அவரே அதைப் படிக்கலாம், மகளோடு பேசுவதற்கு அது நல்ல வழி.

அந்த நூலில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது வெற்றிகளை அல்ல. 2013இல் சென்னையில், சொந்த மண்ணில், கார்ல்சனிடம் பட்டத்தை இழந்த பகுதியைத்தான். அடுத்த ஆண்டு, சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆடவே தயங்கிய மனிதர், போய் அதை வென்று வந்தார். பட்டத்தை இழந்த பிறகு ஓர் ஆட்டக்காரர் தன்னை எப்படி மறுபடி திரட்டிக்கொண்டார் என்பதை அவரே சொல்லக் கேட்பது, போட்டிக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் வேண்டியது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றபோது ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சோஃபியா வரை சாலை வழியாகவே போய்ச் சேர்ந்து, கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களில் வென்று பட்டத்தைக் காத்ததையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

ஜூலை 6

இந்த இழைக்காகப் புத்தகங்களை வரிசைப்படுத்தியபோது ஒன்று கண்ணில் பட்டது. நான் மிகவும் மதிக்கும் ஆட்டத் தொகுப்புகள் பல, எழுதியவர் பட்டம் வெல்வதற்கு முன்பே வந்தவை. கபாபிளாங்காவின் ‘மை செஸ் கரியர்’ 1920, பட்டம் 1921. ஃபிஷரின் அறுபது ஆட்டங்கள் 1969, பட்டம் 1972. ஆனந்தின் தொகுப்பு 1998. முதல் பட்டம் 2000இல், டெஹ்ரானில் ஷிரோவை வென்றபோது. அலெகைன் பட்டம் வென்றது 1927இல். அவருடைய முதல் தொகுப்பு 1923 வரையிலான ஆட்டங்களோடு நின்றுவிடுகிறது.

இதற்குக் காரணம் இருப்பதாகவே நினைக்கிறேன். இன்னும் நிரூபிக்க வேண்டியிருக்கும் மனிதர் தன் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கணக்குக் காட்டுகிறார். நிரூபித்து முடித்தவருக்கு அந்தக் கட்டாயம் குறைகிறது; பதிப்பகங்கள் பெயரைக் கேட்டு வருகின்றன; வேறொருவர் எழுதிக்கொடுத்த பக்கங்களின் மேல் சாம்பியனின் படம் அச்சாகிறது. அப்படிப்பட்ட புத்தகங்களும் சந்தையில் உண்டு. அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

ஜூலை 7

நேற்றைய கருத்துக்கு எதிரான சாட்சியையும் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது ஒருதலையாகிவிடும். மிகயீல் தால் 1960இல் மாஸ்கோவில் 23 வயதில் பாட்வின்னிக்கை 12½–8½ என்று வென்று சாம்பியன் ஆனார். அந்தப் போட்டியின் 21 ஆட்டங்களையும் ஒன்றுவிடாமல் விளக்கி, வென்றவராகவே உட்கார்ந்து எழுதிய புத்தகம் ‘தால்–பாட்வின்னிக் 1960’. பட்டம் அவருடைய நேர்மையைக் குறைக்கவில்லை. ஆறாவது ஆட்டத்தில் அவர் குதிரையைப் பலி கொடுத்தபோது அரங்கில் எழுந்த இரைச்சலால் ஆட்டக்காரர்களை உள்ளறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பலி முற்றிலும் சரியானதல்ல என்று பின்னாளைய ஆய்வுகள் சொல்கின்றன. தால் அதைக் கணக்குப் பாடம்போல் நிறுவ முயலவில்லை. எதிராளிக்குக் கடிகாரம் ஓடும்போது அது எவ்வளவு கடினமான கேள்வி என்பதுதான் அவருக்கு முக்கியம்.

தாலின் பெயரால் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய சங்கத்தில்தான் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகினார் என்பதையும் மயிலாடுதுறை நண்பருக்கு இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஜூலை 13

ஒரு வாசகர்: ‘தங்களைப் பற்றித் தாங்களே எழுதுகிறவர்களை எப்படி நம்புவது?’

நியாயமான கேள்வி. அலெகைனை எடுத்துக்கொள்ளலாம். விளக்கவுரையின் செறிவில் அவருடைய தொகுப்புகளுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் 1915இல் மாஸ்கோவில் பலகையில் ஐந்து ராணிகள் நின்ற ஆட்டம் ஒன்றை, தான் உண்மையிலேயே ஆடியதுபோல் அவர் கொடுத்திருக்கிறார். உண்மையில் கிரிகோரியேவுடன் ஆடிய ஆட்டம் வேறு வழியில் போனது. ஐந்து ராணிகள் வந்தது ஆய்வில் எழுந்த ஒரு கிளையில் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். எனக்கு இது வருத்தம் தரும் செய்தி. அந்தக் கிளை அவ்வளவு அழகானது. அதை ஆய்வென்றே சொல்லியிருந்தாலும் அதன் மதிப்பு குறைந்திருக்காது.

இதற்கு நேர்மாறானது தாலின் வாழ்க்கை நூல், ‘தி லைஃப் அண்ட் கேம்ஸ் ஆஃப் மிகயீல் தால்’, 1976. பத்திரிகையாளர் ஒருவரோடு பேசும் வடிவில் எழுதப்பட்டது. அதில் வாஸ்யுகோவுடன் ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறார். ஒரு குதிரையைப் பலி கொடுக்கலாமா என்ற சிக்கலான நிலை. கிளைகள் பெருகிக்கொண்டே போகின்றன, மனத்தில் எதுவும் நிற்கவில்லை. அப்போது, குழந்தைகளுக்காகச் சுகோவ்ஸ்கி எழுதிய பாட்டில் வரும் வரி ஒன்று, சதுப்பில் மாட்டிய நீர்யானையை இழுப்பது எவ்வளவு கடினம் என்பது, திடீரென நினைவுக்கு வந்துவிடுகிறது. உலகச் சாம்பியனாக இருந்த மனிதர் ஆட்டத்தின் நடுவில், நெம்புகோல் போடலாமா, ஹெலிகாப்டர் கொண்டுவரலாமா, நூலேணி விடலாமா என்று நீர்யானையை மீட்கும் வழிகளை யோசித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் ஒத்துவரவில்லை, சரி, மூழ்கட்டும் என்று விட்டுவிடுகிறார். நீர்யானை மனத்தைவிட்டுப் போகிறது. பலகை தெளிவாகிறது. இந்தப் பலியைக் கணக்கிட்டு முடிக்க முடியாது, உள்ளுணர்வால்தான் தர வேண்டும் என்று புரிந்து குதிரையைக் கொடுக்கிறார். மறுநாள் செய்தித்தாளில், தால் நாற்பது நிமிடம் கவனமாக ஆராய்ந்து துல்லியமாகக் கணக்கிட்ட பலியைத் தந்தார் என்று வந்ததாம்.

அந்தச் செய்தித்தாளின் வரியை அவர் அப்படியே விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. தானே முன்வந்து அதைத் திருத்தினார். எழுதுகிறவரை நம்பலாமா என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம் இதுதான்: தனக்கு வந்த புகழைத் தன் கையாலேயே குறைத்துச் சொல்லும் இடம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா?

ஜூலை 20

அந்த அடையாளத்தை இன்னும் எளிதாகப் பார்க்க ஒரு வழி உண்டு. புத்தகத்தில் தோல்விகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஃபிஷரின் அறுபதில் ஒன்பது டிராக்கள், மூன்று தோல்விகள். தாலிடமும் ஸ்பாஸ்கியிடமும் கெல்லரிடமும் தோற்றவை. ‘மறக்க முடியாத’ என்ற தலைப்புக்கு அவர் உண்மையாக இருந்தார். தோல்வியும் மறக்க முடியாததுதான். 1960இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கி ஆடிய கிங்ஸ் கேம்பிட் என்ற தொடக்க ஆட்டத்திடம் தோற்றவர், அடுத்த ஆண்டே அதை வீழ்த்தும் வழி இது என்று ஒரு கட்டுரை எழுதினார். தோல்வி அவரை எழுத வைத்தது.

கபாபிளாங்காவின் ‘ஃபண்டமெண்டல்ஸ்’ கடைசிப் பகுதியில் 14 ஆட்டங்கள். 1911இல் ரூபின்ஸ்டைனிடம் தோற்றது, 1914இல் பீட்டர்ஸ்பர்க்கில் லாஸ்கரிடம் தோற்றது, 1916இல் சாஜஸிடம் தோற்றது ஆகிய மூன்றும் அவற்றில் இருக்கின்றன. சாஜஸிடம் தோற்ற பிறகு 1924இல் ரெட்டியிடம் தோற்கும் வரை எட்டு ஆண்டுகள் அவரை யாரும் வெல்லவில்லை. அப்படிப்பட்ட காலத்தின் நடுவில், தொடக்கநிலை மாணவர்களுக்கு எழுதும் பாடநூலில், தான் வீழ்ந்த ஆட்டங்களைப் பாடமாக வைத்தார். லாஸ்கருடனான ஆட்டத்தைப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் காட்டுவேன். ராணிகள் சீக்கிரமே போய்விடுகின்றன. வெள்ளை அமைதியாக ஆடுவதுபோல் தெரிகிறது. பன்னிரண்டாவது நகர்த்தலில் லாஸ்கர் சிப்பாயை எஃப்5க்குத் தள்ளுகிறார். தன் இ-சிப்பாயைப் பலவீனமாக்கும் நகர்த்தல்போல் தோன்றும். பிறகு குதிரை இ6க்கு வந்து உட்கார்ந்ததும் கறுப்புக்கு மூச்சுவிட இடமில்லை.

ஜூலை 21

தோல்விகளைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை முதலில் வெற்றிகளைத்தான் பார்க்க வேண்டும். ஒரு யானை ஏழாம் வரிசைக்குப் போவதன் இன்பம் தெரிந்த பிறகுதான் அது தடுக்கப்படுவதன் வலி புரியும். அதனால் ‘ஃபண்டமெண்டல்ஸ்’ முதல் பகுதி முடியும்வரை அந்த மூன்று ஆட்டங்களைத் தொட வேண்டாம்.

ஆகஸ்ட் 3 — கேள்வி கேட்ட தாய்

ஐயா, புத்தகம் வந்துவிட்டது. அவளும் அவள் தோழியும் ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூவனூர்க் கோயில் மண்டபத்தில் பலகையோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். யானை மேட், சிப்பாய் முடிவுகள் முடிந்து ஆட்டங்களுக்கு வந்திருக்கிறார்கள். நோட்டில் தமிழில்தான் எழுதுகிறாள். இரண்டு ஐயங்கள்: ஒரு நகர்த்தலுக்குக் கபாபிளாங்கா சொன்ன காரணம் தவறு என்று தோழியும், சரி என்று இவளும் சண்டை போடுகிறார்கள், கணினியில் பார்க்கலாமா? அடுத்து எந்தப் புத்தகம் வாங்குவது? நானும் ‘மைண்ட் மாஸ்டர்’ படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, இரவு

ஆடிப்பெருக்கு நாளில் நல்ல செய்தி. சதுரங்க வல்லபநாதர் வீற்றிருக்கும் மண்டபத்தைவிடப் பொருத்தமான இடம் எது? இறைவனே இளவரசியோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்ததாகத் தலபுராணம் சொல்லும் ஊர். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலர் அந்தக் கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள்.

சண்டையைக் கணினியிடம் கொண்டுபோவதற்கு முன் இருவரும் தத்தம் பக்க நியாயத்தை நகர்த்தல்களோடு எழுதி நோட்டை மாற்றிக்கொள்ளட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பலகையில் வைத்து மறுக்கட்டும். மறுக்க முடியாத நிலை வந்த பிறகு கணினியைத் திறக்கலாம்.

ஆகஸ்ட் 10

அடுத்த புத்தகம். இந்த இழையைப் படித்தவர்கள் பலர் ஃபிஷரின் அறுபது ஆட்டங்களைச் சொல்வார்கள். அது இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுக்கட்டும். வாங்கும் நாளில் பதிப்பைக் கவனியுங்கள்: 1995இல் வந்த திருத்திய பதிப்பில் அவர் அனுமதியின்றி ஆய்வுகளில் கை வைத்திருந்தார்கள் என்று ஃபிஷரே கடுமையாகக் கண்டித்தார். 2008இல் வந்த பதிப்பு அவருடைய பழைய வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டு புதிய குறியீட்டில் தருகிறது. அதுதான் வேண்டும்.

‘பாபி ஃபிஷர் டீச்சஸ் செஸ்’ 1966இல் மூவர் பெயரில் வந்தது. கேள்வி, விடை, கேள்வி என்று ஒரு பக்கமாகப் போய், பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் படிக்கும் அமைப்பு. மேட் செய்யும் பழக்கத்துக்கு நல்லது. ஆனால் யானை மேட் முடித்துவிட்ட பிள்ளைக்கு அது சில நாள் வேலைதான். சொந்தப் பிரதி தேவையில்லை, தோழிகளிடம் இருந்தால் வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுக்கட்டும்.

நான் சொல்வது: லெவன்ஃபிஷும் ஸ்மிஸ்லோவும் சேர்ந்து எழுதிய ‘ரூக் எண்டிங்ஸ்’. ஸ்மிஸ்லோவ் 1957இல் பாட்வின்னிக்கை வென்று உலகச் சாம்பியன் ஆனவர்; முடிவு ஆட்டத்தில் அவர் கை தனி. மாவட்டப் போட்டிகளில் நீண்டு போகும் ஆட்டங்களில் பெரும்பாலானவை யானை முடிவுகளாகத்தான் வந்து நிற்கின்றன. முழுப் புத்தகமும் இப்போது வேண்டாம். ஒரு யானை, ஒரு சிப்பாய், எதிரே ஒரு யானை என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பிள்ளை வெல்லும் பக்கமும் மற்றவள் காக்கும் பக்கமும் ஆடி, பிறகு பக்கம் மாற வேண்டும். காக்கும் பக்கத்தில் மூன்றாம் வரிசையைப் பிடித்து நிற்பதும், வெல்லும் பக்கத்தில் யானையை நான்காம் வரிசையில் வைத்து ராஜாவுக்குப் பாலம் கட்டுவதும் (எதிர் யானையின் செக்கை மறைப்பது) யோசிக்காமல் கைக்கு வரும்வரை அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். தீபாவளி விடுமுறைக்குள் இது முடிந்தால் எழுதுங்கள். யானை முடிவுகளில் அதற்கடுத்துப் படிக்க வேண்டிய பக்கங்களைக் குறித்து அனுப்புகிறேன்.